சுங்குடிக்கு ஒரு சந்தை, கொலு பொம்மைக்கு வேறு சந்தை

எந்த ஆன்லைன் தளத்தில் விற்கலாம் என்று யோசிக்கும் முன் சரக்கைத் தராசில் வையுங்கள். எடை எவ்வளவு, கட்டிய பெட்டியின் நீள அகல உயரம் என்ன, உடையுமா, கெடுமா, பத்து அனுப்பினால் எத்தனை திரும்பி வரும் என்று பாருங்கள். இந்த ஐந்தும் தெரிந்துவிட்டால் பாதித் தளங்கள் தானாகவே கழிந்துவிடும். பக்கத்துக் கடைக்காரர் அமேசானில் நன்றாக விற்கிறார் என்பதை நம்பி இறங்க வேண்டாம். அவர் விற்பது கவரிங் தோடு, நீங்கள் விற்பது விளாச்சேரி மண் பொம்மை என்றால் இரண்டு பேருக்கும் கணக்கே வேறு.

முதலில் ஒரு புடவைக் கணக்கு

850 ரூபாய்க்கு ஒரு சுங்குடிப் புடவை விற்பதாக வைத்துக்கொள்வோம். கட்டண விகிதம் தளத்துக்குத் தளம் மாறும், அடிக்கடியும் மாறும். அதனால் கீழே உள்ளவை போட்டுப் பார்ப்பதற்கான எண்கள்தான். கமிஷன் 12 சதவீதம் என்றால் 102 ரூபாய். ஆர்டருக்கு ஒரு நிலைக் கட்டணம் 25. கூரியர் 75. ஆக 202. இந்தக் கட்டணங்களின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36 ரூபாய். 238 போக கைக்கு வருவது 612. புடவையின் அடக்க விலை 520, கவர், அட்டை, டேப் 15 போனால் மிச்சம் 77 ரூபாய்.

பெரும்பாலானவர்கள் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பத்துப் புடவை அனுப்பி இரண்டு திரும்பி வந்தால்? திரும்பும் கூரியர், வீணான பொட்டலம், தளம் திருப்பித் தராத கட்டணம் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 150 என்று வையுங்கள். விற்ற எட்டில் 616 ரூபாய் லாபம், திரும்பிய இரண்டில் 300 நஷ்டம். புடவைக்கு 40 ரூபாய்கூட நிற்காது. மூன்று திரும்பினால் ஏழில் வந்த 539-இல் 450 போய், மொத்த வேலைக்கும் 89 ரூபாய். கமிஷன் ஒன்றிரண்டு சதவீதம் குறைவு என்பதற்காகத் தளம் மாறுபவர்கள், திரும்பும் எண்ணிக்கையைக் கவனிப்பதே இல்லை. பணத்தைத் தின்பது அதுதான்.

சுங்குடி ஏன் திரும்பி வருகிறது? முதல் காரணம் நிறம். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும். காலை வெளிச்சத்தில், நிழலில் விரித்துப் படம் எடுங்கள். அடுத்தது சாயம். முதல் அலசலில் சாயம் கொஞ்சம் இறங்கும், தனியாக அலசவும் என்று விவரத்திலேயே எழுதிவிடுங்கள். மூன்றாவது, அச்சில் போட்ட புள்ளியைக் கை முடிச்சு என்று எழுதுவது. முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய புள்ளி ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. தெரிந்தவர்கள் பார்த்தவுடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள், மதிப்பீட்டில் ஒரே ஒரு நட்சத்திரமும் போடுவார்கள். அச்சு என்றால் அச்சு என்றே எழுதுங்கள். அதற்கும் ஆள் இருக்கிறது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அந்த முத்திரையைப் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி இல்லாமல் விற்க முடியுமா

முடியும், தமிழ்நாட்டுக்குள் மட்டும். 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர் பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பதிவு எண் வாங்கி, சொந்த மாநிலத்துக்குள் ஆன்லைனில் பொருள் விற்கலாம். மீஷோ என்ற விற்பனைத் தளம் இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த எண்ணோடு பெங்களூருக்கு ஒரு புடவை போனாலும் விதி மீறல்தான். வெளி மாநிலத்துக்கும் விற்கப்போகிறீர்கள் என்றால் முழு ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு செய்தவர்களிடம் தளம் 0.5 சதவீதம் ஜிஎஸ்டியாகவும் 0.1 சதவீதம் வருமான வரியாகவும் பிடித்துவைக்கும். இரண்டையும் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரவு வைத்துக்கொள்ளலாம். பலர் இதைச் செலவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

மீஷோவில் கமிஷன் கிடையாது என்பது உண்மை. ஆனால் அங்கே வருபவர்கள் விலை பார்த்து வாங்குபவர்கள். 300 ரூபாய் அச்சுப் புடவைக்குப் பக்கத்தில் உங்கள் 850 ரூபாய் கை முடிச்சுப் புடவை தோற்றுப்போகும். விலை கூடிய கைவேலைக்கு அமேசான் காரிகர், ஃபிளிப்கார்ட் சமர்த் போன்ற கைவினைஞர் திட்டங்களில் இடம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் படம், வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக், முன்பணம் ஜிபேயில் என்று நடத்துவதும் நல்ல வழிதான். முன்பணம் கொடுத்தவர் பார்சலை வாங்காமல் திருப்புவது அரிது. கேஷ் ஆன் டெலிவரியில்தான் அந்தத் தொல்லை அதிகம்.

பெட்டி பெரிது, பொருள் லேசு

கூரியர்காரர் எடையை இரண்டு விதமாகப் பார்ப்பார். தராசு எடை ஒன்று. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோ இன்னொன்று. எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஒரு சிறிய கொலு செட் தராசில் மூன்றரை கிலோ இருக்கும். ஆனால் உடையாமல் இருக்க 40, 30, 30 என்ற அளவுப் பெட்டியில் வைத்தால் 36,000-ஐ 5000-ஆல் வகுத்து 7.2 கிலோ ஆகிவிடும். தளத்தில் பதியும்போது மூன்றரை கிலோ என்று போட்டால், கிடங்கில் அளந்து மீதியைப் பிடிப்பார்கள். அளவு நாடாவை வைத்து, மூடிய பெட்டியைப் படம் எடுத்து வைத்திருந்தால்தான் தகராறில் உங்கள் பக்கம் பேச முடியும்.

மண் பொம்மையைப் பெரிய தளங்களில் விற்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உடைந்து வந்தால் நஷ்டம் பெரும்பாலும் விற்பவர் தலையில்தான். காகிதக்கூழ் பொம்மை என்றால் போடலாம், லேசு, விழுந்தாலும் தாங்கும். மண் பொம்மையை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, பெட்டிக்குள் பெட்டி வைத்து, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டருக்கு வைக்கோலோ பபிள் ஷீட்டோ அடைத்து, பஸ் பார்சலில் அனுப்பி, வாங்குபவரே போய் எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். இடையில் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை ஆபத்து. நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே ஆர்டரை முடித்துவிடுவது நல்லது.

அப்பளத்துக்கு வேறு சிக்கல். 60 ரூபாய் பாக்கெட்டை அனுப்ப 60 ரூபாய் கூரியர் என்றால் யார் வாங்குவார்? ஒரு கிலோ, இரண்டு கிலோ கட்டாக மட்டும் போடுங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்), எம்ஆர்பி, நிகர எடை, தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி, நுகர்வோர் புகார் எண் எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். மல்லிகைப்பூவை மூன்று நாள் கூரியரில் அனுப்ப நினைக்கவே வேண்டாம். மாட்டுத்தாவணியில் மொட்டாக ஏறியது போய்ச் சேர்வதற்குள் மலர்ந்து வாடிவிடும்.

செல்லூர் துண்டு, லுங்கியை நூறு, இருநூறு என்று மொத்தமாக விற்பவர்களுக்கு இந்தியாமார்ட் பொருந்தும். அங்கே விற்பனை நடப்பதில்லை, விசாரணைதான் வரும். ஒரே விசாரணை பல விற்பவர்களுக்கும் போகும் என்பதால், ஒரு மணி நேரத்துக்குள் போன் செய்பவருக்குத்தான் ஆர்டர். ஆண்டுச் சந்தா கட்டும் முன், இலவசப் பதிவில் ஒரு மாதம் என்ன வருகிறது என்று பாருங்கள். சரக்கு மதிப்பு ஒரு லட்சம் தாண்டினால் தமிழ்நாட்டுக்குள்ளேயே இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு) தேவை, வெளி மாநிலம் என்றால் 50,000 தாண்டினாலே தேவை.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரே தளத்தில், ஒரே வகையில் இருபது பொருளோடு தொடங்குங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வர, டெலிவரி ஆன பிறகும் ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அந்த இடைவெளிக்கு நூல்காரர், சாயக்காரர் கடனைத் தாங்கும் பணம் கையில் இருக்க வேண்டும்.

வாங்குபவர் பார்க்க வேண்டியது

விலைக்குக் கீழே 'விற்பவர்' என்று சிறிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதைத் தட்டி, முகவரி, மதிப்பீடு, எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்று பாருங்கள். தளம் பெரியது என்பதால் விற்பவரும் பெரியவர் என்று ஆகாது. பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியும்படி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். புகாரைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டும் பழைய பொருளுக்கு நல்ல இடம், ஆனால் நடுவில் யாரும் காப்பு இல்லை. பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பாருங்கள், பொருளைப் பார்க்காமல் முன்பணம் போடாதீர்கள். உங்களுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லி யாராவது கியூஆர் அனுப்பினால் அது மோசடி. பணம் வாங்க யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்துவது கடினம். பழைய மொபைல் என்றால் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) எடுத்து, கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். பைக் என்றால் ஆர்சி பெயரும் விற்பவரின் ஆதார் பெயரும் ஒன்றா, கடன் ஏதும் பாக்கியா என்று அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பார்த்துவிட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.