சேவலுக்கு ‘நேற்று’ இல்லை: மொழியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோழி வளர்க்கும் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பருந்து வட்டமிட்டால் சேவல் ஒரு மாதிரி குரல் கொடுக்கும். கோழிகள் ஓடிப் பதுங்கும். தரையில் நாய் வந்தால் அந்தக் குரலே வேறு. ஆகவே, “விலங்குகள் வெறும் உணர்ச்சியில் கத்துகின்றன, மனிதன்தான் பொருளோடு பேசுகிறான்” என்று எழுதாதீர்கள். கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளுக்குச் சிறுத்தை, கழுகு, பாம்பு மூன்றுக்கும் தனித்தனிக் குரல் உண்டு என்பது 1980-லேயே தெரிந்துவிட்டது. சிறுத்தைக்காகக் குரங்கு எழுப்பும் குரலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டபோதும் அவை மரமேறின.

சரி, அப்படியானால் அதுவும் மொழிதானே என்று மறுகோடிக்குத் தாவுவது அதைவிடப் பெரிய தவறு. சேவல் “பருந்து!” என்கிறது என்றே வைத்துக்கொள்வோம். “நேற்றுப் பருந்து வரவில்லை” என்று அதனால் சொல்ல முடியாது. நாமோ ‘வா’ என்ற ஒரே வினையைப் பிடித்துக்கொண்டு வந்தது, வராது, வந்திருந்தால், வரவிடாமல் என்று போய்க்கொண்டே இருக்கிறோம். என் அக்கா மகள் மூன்று வயதில் “நாளைக்கு வந்தேன்” என்பாள். காலம் பிசகிவிட்டதுதான், ஆனால் கண்முன் இல்லாத ஒரு நாளை அந்தப் பிஞ்சு வாய் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறதே!

இதை வைத்து, கண்முன் இல்லாததைச் சொல்வது மனிதனுக்கு மட்டுமே உரியது என்றும் முடிவு கட்டக் கூடாது. தேனீ தன் கூட்டின் இருட்டில், செங்குத்தான அடையின்மேல் ஆடியே தூரத்துப் பூக்களின் திசையையும் தொலைவையும் சொல்லிவிடுகிறது. இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்த ஆட்டம் இடத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது.

சொற்களை அடுக்கினாலே வாக்கியம் என்று நினைப்பதும் தவறுதான். அமெரிக்காவில் நிம் என்ற சிம்பன்சிக்குச் சைகைகள் கற்றுக்கொடுத்தார்கள். அது காட்டிய மிக நீண்ட தொடரில் 16 சைகைகள். “கொடு, ஆரஞ்சு, நான், தின்ன” என்பவையே திரும்பத் திரும்ப வந்தன. நீளம் கூடியதே தவிர, பொருள் கூடவில்லை.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு ஒன்று உண்டு: மொழி என்றால் வாய்ப்பேச்சு என்று நினைத்துக்கொண்டு, காது கேளாதவர்களின் சைகை மொழியை வெறும் கையாட்டலாகப் பார்ப்பது. அதற்கு முழு இலக்கணம் உண்டு. 1970-களின் கடைசியில் நிகராகுவாவின் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிஷ் பேச்சைக் கற்பிக்கத்தான் முயன்றார்கள். பிள்ளைகளோ வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகளை விளையாட்டு நேரத்தில் கலந்து, புதிதாக ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். அப்புறம் வந்து சேர்ந்த சின்னப் பிள்ளைகள் அதை இன்னும் கூர்மையாக்கினார்கள். சைகையை ஒரு பக்கமாகத் திருப்பிக் காட்டியே, யார் யாருக்கு என்ன செய்தார் என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள்.