ஷூ கழட்டுனா நாத்தமா? டீத்தூள் தண்ணி வெச்சுப் பாருங்க

திருப்பூர்ல பனியன் கம்பெனில நாள்பூரா ஷூ போட்டு நிக்கறவங்களுக்கு இந்தக் கால் நாத்தம் பெரிய ரோதனைங்க, வேர்வைக்குன்னு தனியா வாடை பெருசா இல்லீங்க, ஈரத்துல பெருகற பாக்டீரியாவாலதான் நாத்தமே வருது. எங்கூட்ல பண்றது இதுதானுங்க, 2 ஸ்பூன் டீத்தூளை அரை லிட்டர் தண்ணில 15 நிமிசம் கொதிக்க வெச்சு வடிகட்டி, பச்சத்தண்ணி 2 லிட்டர் கலந்து வெதுவெதுன்னு ஆனதும் 20 நிமிசம் காலை ஊற வெக்கோணும், டீல இருக்கற டானின்ங்கற துவர்ப்புச் சத்துக்கு வேர்வை கொறையும், ஒரு வாரம் விடாமப் பண்ணுங்க. அப்பறம் வெரல் இடுக்குல ஈரம் துளி இருக்கக் கூடாது, நெறையப் பேரு இதைத்தான் உட்டர்றாங்க. ஷூவை ஒருநாள் உட்டு ஒருநாள் காயப் போடுங்க, காட்டன் சாக்ஸ் தெனமும் மாத்தோணும். வெடிப்போ புண்ணோ சுகரோ இருந்தா டாக்டரைக் கேக்காமப் பண்ண வேண்டாமுங்க.