சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேராகத் திறக்காதீர்கள்

ஆய்வுத் தரவு சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த வெறும் எழுத்துக் கோப்பாக) வந்தால் இரட்டைக் கிளிக் வேண்டாம். புது எக்செல் தாளில் 'டேட்டா' மெனு, 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகப் போய், 'டேட்டா டைப் டிடெக்‌ஷன்' என்ற இடத்தில் 'டு நாட் டிடெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் 'லோட்' கொடுங்கள். நேராகத் திறந்தால் எக்செல் தானாக ஊகித்து 'மார்ச்1' என்ற மரபணுப் பெயரைத் தேதியாக்கிவிடும், ஆய்வு மாதிரிக்குக் கொடுத்த 00123 என்ற எண்ணை 123 ஆக்கிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் ஹியூகோ குழுவே 2020-இல் 'மார்ச்1' என்ற பெயரை 'மார்ச்எஃப்1' என்று மாற்றியது, ஆனால் பழைய தரவுகளில் பழைய பெயர்தான் இருக்கிறது.

இப்படிக் கொண்டுவந்தால் எண்களும் எழுத்தாகவே வரும், கூட்டல் சராசரி போட வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே யாரோ திறந்து சேமித்துக் கெடுத்த கோப்புக்கு இது உதவாது. மூலக் கோப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.