கவனிக்காத குழந்தையிடம் எப்படிப் பேசுவது?

5 முதல் 8 வயது வரையுள்ள ஒரு குழந்தையைப் பற்றி “கவனமே இல்லை” என்று சொல்லும்போது எல்லாரும் குழந்தையைத்தான் பார்க்கிறோம். நாம் எப்படிப் பேசினோம் என்று பார்ப்பதில்லை. குழந்தையின் கவனத்தை நேராகப் பிடித்து நீட்ட முடியாது, நம் பேச்சை இன்றைக்கே மாற்றலாம். வீட்டுக்கும் வகுப்பறைக்கும் இந்தப் படிகள் பொருந்தும்.

படி 1: பெயர் முதலில், செய்தி அடுத்து

“நோட்டை எடுத்து வை, கவின்” என்றால், பெயர் காதில் விழும்போது செய்தி போய்விட்டிருக்கும். பக்கத்தில் போய் “கவின்” என்று கூப்பிடுங்கள். அவன் திரும்பிய பிறகு சொல்லுங்கள். உளவியலாளர் நெவில் மோரே 1959-இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, பெரியவர்களை ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். மறு காதில் வந்தது ஏறக்குறைய எதுவுமே அவர்கள் மனதில் நிற்கவில்லை. ஆனால் தங்கள் பெயர் வந்ததைச் சிலர் பிடித்துக்கொண்டார்கள். பெயருக்கு அந்தச் சக்தி உண்டு. திட்டுவதற்கு மட்டும் பெயரைப் பயன்படுத்தினால் அது மழுங்கிவிடும் என்பது என் எண்ணம்.

படி 2: ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை

அதிகம் சறுக்கும் இடம் இதுதான். “பையைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்து, நேற்று விட்ட பக்கத்தைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தேதி போட்டு எழுது” என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். கேட்டதைக் கொஞ்ச நேரம் மனதில் ஏந்திக்கொண்டே செயல்படும் திறனைச் செயல் நினைவகம் என்பார்கள். இந்த வயதில் அதன் கொள்ளளவு பெரியவர்களுடையதைவிட நன்றாகவே குறைவு. அதனால் குழந்தை பையைத் திறந்துவிட்டு விழிக்கும். நாம் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறோம். “கணக்கு நோட்டை எடு.” எடுத்தாயிற்றா? சரி, அப்புறம் அடுத்தது.

வரிசையும் முக்கியம். “தேதி எழுதுவதற்கு முன்னால் பெயரை எழுது” என்றால் சின்னக் குழந்தைகள் பலர் தேதியில் தொடங்கிவிடுவார்கள், காதில் முதலில் விழுந்தது அதுதானே. “முதலில் பெயர். பிறகு தேதி” என்றால் குழப்பமில்லை. “ஓடாதே” என்பதைவிட “மெதுவாக நட” என்பது தெளிவு.

படி 3: கேட்டுவிட்டு 3 விநாடி பேசாமல் இருங்கள்

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக 1 விநாடி அளவுதான். அதை 3 விநாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத இடங்கள் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், நமக்குத்தான் அது யுகமாகத் தெரியும். அந்த இடைவெளியில் கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்காதீர்கள். குழந்தை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

படி 4: யோசிக்கும்போது வேறெங்கோ பார்க்கட்டும்

நாம் சொல்லும்போது நம் பக்கம் திரும்பியிருப்பது நல்லதுதான். பதிலை யோசிக்கும்போதும் “என் முகத்தைப் பார்த்துச் சொல்” என்பது தேவையில்லாத கெடுபிடி. 2006-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், யோசிக்கும்போது பார்வையை விலக்கப் பழக்கிய 5 வயதுக் குழந்தைகள் கேள்விகளுக்கு இன்னும் நன்றாகப் பதில் சொன்னார்கள். கூரையைப் பார்க்கும் குழந்தை மும்முரமாக யோசித்துக்கொண்டிருக்கலாம்.

படி 5: “புரிந்ததா?” வேண்டாம்

அதற்கு எல்லாக் குழந்தையும் தலையாட்டும். “இப்போ என்ன செய்யப்போகிறாய்?” என்று கேளுங்கள்.

படி 6: காதையும் பாருங்கள்

சளி பிடித்த பிறகு நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறையும், வலியே இல்லாமலும் இது நடக்கும். அடிக்கடி “என்ன?” என்று கேட்கும், தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டும் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் குறையில்லை, ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதத்துக்கு மேலாகக் கவனச் சிதறல் தொடர்கிறது என்றால், குழந்தை நல மருத்துவரிடம் பேச வேண்டும்.