கண்ணாடியா, பீங்கானா? பழைய கம்பத்து இன்சுலேட்டர் வாங்குமுன்

ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்யும்போது, துருப்பிடித்த லாந்தருக்கும் காப்பிப் பழம் உரிக்கும் பல்ப்பருக்கும் நடுவே சில சமயம் தந்திக் கம்பத்து இன்சுலேட்டர்களும் (மின்சாரம் கம்பத்துக்குக் கசியாதபடி கம்பியைத் தாங்கும் குமிழ்கள்) கிடைக்கும். சேலத்துப் பழைய இரும்புக் கடைக்கு அவை வந்து சேர்வதும் உண்டு. கையில் எடுத்தவர் உடனே செல்போனில் தேடுவார். அமெரிக்காவில் கருநீலக் கண்ணாடி இன்சுலேட்டர் ஒன்று பல நூறு டாலருக்குப் போனதாகப் படம் வரும். அப்புறம் கடைக்காரரும் அதே படத்தைக் காட்டித்தான் விலை சொல்வார்.

முதல் தவறு இதுதான். படத்தில் இருப்பது அமெரிக்கக் கண்ணாடி. இங்கே கிடைப்பது பெரும்பாலும் வெள்ளைப் பீங்கான். பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றிய நம் தந்தித் துறை பீங்கானைத்தான் அதிகம் நம்பியது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் ஒரு கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணம் இருப்பது தெரியும். வெளிக்கிண்ணம் மழையிலும் மூடுபனியிலும் நனைந்தாலும் உள்கிண்ணம் ஓரளவு காய்ந்தே இருக்கும். அதனால் மின்சாரம் ஈரத்தின் வழியாகக் கம்பத்துக்குக் கசிவது குறையும். சேர்வராயன் மலைப் பனியை நினைத்துப் பார்த்தால் இந்த அமைப்பின் அருமை புரியும். இந்தப் பீங்கானில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்களில் ஒன்று இங்கிலாந்தின் புல்லர்ஸ் நிறுவனம். சிலவற்றில் வருடமும் இருக்கும்.

அமெரிக்கக் கண்ணாடிக்குச் சேகரிப்பாளர்கள் ‘சி.டி.’ எண் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். என்.ஆர். வுட்வர்ட் என்ற சேகரிப்பாளர் வடிவத்தை வைத்து வகுத்தது. பம்பரம் மாதிரி இருக்கும் எந்தப் பீங்கானையும் அதில் ஏதோ ஒரு எண்ணோடு பொருத்திவிட்டு, அந்த எண்ணின் விலையைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசை கண்ணாடிக்கானது. நம் பீங்கானுக்கு அது பொருந்தாது.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பீங்கான்தானா என்ற சந்தேகம் வந்தால் விளிம்பைப் பாருங்கள். பீங்கானில், சூளையில் உட்கார்ந்த இடம் மெருகு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். கண்ணாடியில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு பக்கவாட்டில் ஓடும், உள்ளே சின்னக் குமிழிகளும் தெரியலாம். டார்ச்சைப் பிடித்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும்.

சரி, நிஜமாகவே அமெரிக்கக் கண்ணாடி ஒன்று கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாரோ அங்கிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாம். இங்கே எல்லோரும் தடுமாறும் இடம் எழுத்துகள். ‘ஹெமிங்ரே 42’ என்று இருந்தால் 1942 என்று படித்துவிடுகிறார்கள். ஹெமிங்ரே என்பது செய்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர். 42 என்பது மாடல் எண். இந்த மாடல் ஏராளமாக வார்க்கப்பட்டது. கோலி சோடா பாட்டிலின் பச்சை கலந்த நீலத்தில் வரும் சாதாரண 42-க்கு அமெரிக்காவிலேயே சில டாலர்தான். அதேபோல ‘மே 2, 1893’ என்று இருந்தால் அது செய்த நாள் அல்ல, காப்புரிமை நாள். விளிம்பில் வரிசையாகப் பற்கள் போல் நீர் சொட்டும் முனைகளை அமைத்ததற்கான காப்புரிமை அது. அந்தத் தேதி போட்ட கண்ணாடியைப் பல வருடம் கழித்தும் வார்த்திருக்கிறார்கள். ‘ஜூலை 25, 1865’ என்பதும் இதே கதைதான்: உள்ளே திருகுமறை வைப்பதற்கு லூயி கோவே வாங்கிய காப்புரிமை. ஆகவே உள்ளே விரலை விட்டு மறை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது தேதியை வாசிப்பதைவிட அதிகம் சொல்லும். மறையே இல்லாத வழவழப்பான குழி என்றால் அந்தக் காப்புரிமைக்கும் முந்தைய பழசாக இருக்கலாம், நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய பொருள்.

அடுத்த பொறி நிறம். ஊதா என்றதும் மனம் இளகிவிடுகிறது. பச்சைச் சாயலை எடுக்க மாங்கனீசு சேர்த்த பழைய கண்ணாடி, வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் மெல்ல ஊதாவாகும், அது இயற்கை. ஆனால் கதிர்வீச்சு கொடுத்து அதே கண்ணாடியைச் சீக்கிரமே கரும் ஊதாவாக்கவும் முடியும். தலை முதல் அடி வரை அளவுக்கு மீறி அடர்த்தியாக இருந்தால் நான் வாங்கமாட்டேன். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத அபூர்வ நிறத்துக்கு, சாதாரண நிறத்தின் விலையே போதும் என்பது என் கட்சி.

நம் ஊரில் கண்ணாடி இன்சுலேட்டர் என்று கொண்டுவந்து காட்டுவதில் பாதி, உயர்மின் கோபுரத்தில் சரமாகத் தொங்கும் தட்டு. மேலே இரும்புத் தொப்பி, கீழே இரும்புக் குச்சி, நடுவில் பச்சைச் சாயலான தட்டு. பார்க்க அழகு, ஆனால் தந்திக் காலத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. மேட்டூரில் மின் உற்பத்தி தொடங்கியதே 1937-ல். இந்தப் பக்கத்து மின்பாதைச் சாமானை யாராவது ‘நூறு வருஷத்துப் பழசு’ என்றால் சட்டென்று தலையாட்ட வேண்டாம். இதில் ஆபத்தும் உண்டு. அந்தத் தட்டு பதப்படுத்திய கண்ணாடி. விளக்கு செய்கிறேன் என்று ஓட்டை போட்டால் மொத்தமும் ஒரே நொடியில் சிறு சிறு துண்டுகளாக உதிரும். கோபுரத்தில் இது ஒரு வசதி, உடைந்த தட்டைக் கீழே நின்றே கண்டுபிடித்துவிடலாம். வீட்டில் முகத்துக்கு நேராக நடந்தால் கதை வேறு.

சுத்தம் செய்வதில் பெரிதாக ஒன்றுமில்லை: சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துருக்கறைக்குப் புளி தேய்த்தாலே போதும். கம்பி பிரஷ், கழிப்பறை ஆசிட், கொதிநீர் மூன்றும் வேண்டாம். விளிம்பில் நகம் அளவு சில்லு போயிருந்தாலும் விலை இறங்கும். விரிசல் இருந்தால் பாதாளத்துக்கே போகும். வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகே பேரம் பேசுங்கள்.

விலைக்கு வந்தால், கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். ஆயிரம் டாலர் என்று எழுதிப் போடுவதற்குக் காசு ஆகாது. அதோடு, டாலரில் கணக்குப் போடுகிறவர்கள் தபால் செலவை மறந்துவிடுகிறார்கள். பீங்கானின் எடையே அதை நினைவூட்டிவிடும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள பொருள் என்று நீங்களே சொல்லி விற்றால், 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். அத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி இல்லை.

கம்பத்தில் இன்னும் நிற்பதைக் கழற்றி எடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். மின்பாதைச் சாமான்களைத் திருடுவது 2003 மின்சாரச் சட்டத்தின் 136-ஆவது பிரிவில் குற்றம், மூன்று வருடம் வரை சிறை. கடையில் வாங்கும்போதும், எந்த ஏலத்தில் எடுத்தது என்று கேட்டு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தால், எந்த எஸ்டேட், எந்தப் பாதையில் இருந்த கம்பம் என்பதையும் அதே சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பின்னாளில் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.