பதினோரு பேர் வந்த கச்சேரியில இருந்து ஆரம்பிங்க: கம்பெனி பின்னாடி இல்லாத பாட்டுக்காரங்களுக்கு

சொந்தமா பாட்டு எழுதி பாடுற யாரைக் கேட்டாலும் முதல்ல ஆல்பம் போடணும், அப்புறம் டூர், அப்புறம் தானா ஃபேன்ஸ் வருவாங்கன்னு ஒரு வரிசை சொல்வாங்க. நானும் அதை நம்பி கையில இருந்த காசையெல்லாம் ஸ்டுடியோவுல கொட்டி எட்டு பாட்டு ரெக்கார்ட் பண்ணி வெளியிட்டேன், கேட்டவங்க சொந்தக்காரங்களும் கூடப் படிச்சவங்களும்தான், அதுலயும் பாதி பேர் முதல் பாட்டோட நிறுத்திட்டாங்க. இப்ப என்னைக் கேட்டா அந்த வரிசையை அப்படியே தலைகீழா போடச் சொல்வேன். முதல்ல ஆளுங்க, கூடவே மேடை, ரெக்கார்டிங் கடைசி.

ஆல்பம் ஊத்திக்கிட்ட அப்புறம் ஒரு ஊர்ல பாடப் போனேன், மொத்தம் பதினோரு பேர், அதுல சவுண்டு பார்த்தவர் ஒருத்தர், மழைக்கு ஒதுங்கினவங்க ரெண்டு பேர். ஆனா முன்வரிசையில ஒரு பொண்ணு ரெண்டாவது தடவை பல்லவி வரும்போதே வாயை அசைச்சு கூடப் பாடிட்டு இருந்துச்சு. அன்னைக்கு ஏதோ தோணி பேரும் மெயிலும் எழுதச் சொல்லி ஒரு நோட்டை சுத்தி விட்டேன், ஏழு பேர் எழுதினாங்க. நாலு மாசம் கழிச்சு அதே ஊருக்கு போறதுக்கு முன்னாடி அந்த ஏழு பேருக்கு மட்டும் மெயில் போட்டேன், அஞ்சு பேர் வந்தாங்க, ஒவ்வொருத்தரும் கூட ஒருத்தரையாவது கூட்டிட்டு வந்தாங்க. எட்டு பாட்டு ஆல்பம் செய்யாததை நாற்பது பக்க நோட்டு செஞ்சுச்சு.

அதனால முதல் வேலை அந்த நோட்டு. ஃபாலோவர்ஸ் பத்தாயிரம் இருக்கலாம், ஆனா நீங்க போடுற போஸ்ட் அதுல எத்தனை பேர் கண்ணுல படணும்னு முடிவு பண்றது அந்த ஆப், நீங்க இல்ல. மெயில் லிஸ்ட் உங்க கையில இருக்கும், நாளைக்கு அந்த ஆப்பே இழுத்து மூடினாலும் இருக்கும். கியூஆர் கோடும் வைங்க, ஏன்னா சில பேர் கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரி இருக்கும், நான் அப்படி நிறைய பேரை இழந்திருக்கேன். பேர், மெயில், அதைவிட முக்கியமா ஊர் பேர், இந்த மூணையும் வாங்குங்க, அடுத்து எங்க பாடப் போகணும்னு அந்த மூணாவது கட்டம்தான் சொல்லும். எப்ப கேக்கறதுன்னும் ஒரு கணக்கு இருக்கு, கடைசி பாட்டு முடிஞ்சு கேட்டீங்கன்னா எல்லாரும் செருப்பு தேடிட்டு இருப்பாங்க, கடைசி பாட்டுக்கு முந்தின இடைவெளியில கேளுங்க. ரெண்டு நாளைக்குள்ள முதல் மெயில் போயிடணும், அன்னைக்கு அவங்க கேட்ட பாட்டுல ஒண்ணோட டெமோவை அதுல வைங்க. அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு போதும். வேண்டாம்னு சொல்றவங்களை மறுபேச்சில்லாம எடுத்துடுங்க.

டூர்னு சொன்னதும் பதினஞ்சு ஊர் போஸ்டர் அடிக்கிற ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு, விடுங்க. சில மணி நேரத்துல போய்ட்டு வர்ற மாதிரி மூணு நாலு ஊரை வட்டமா எடுத்துக்குங்க, மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை அதே ஊருக்கு திரும்பிப் போங்க. அதுக்கும் சீக்கிரமா போனா அடுத்த தடவை பாத்துக்கலாம்னு இருந்துடுவாங்க, ஒரு வருஷம் கழிச்சுப் போனா உங்க பேரே மறந்திருக்கும். ஒவ்வொரு ஊர்லயும் உங்களை மாதிரியே பாடுற ஒருத்தரைப் பிடிச்சு அவங்க ஊர் கச்சேரியில நீங்க, உங்க ஊர் கச்சேரியில அவங்கன்னு மாத்திக்குங்க. அப்படி பண்றப்ப உள்ளூர்க்காரரை முதல்ல பாட விடாதீங்க. அவங்க கூட்டம் அவங்க முடிச்சதும் கிளம்பிடும், நீங்க காலி நாற்காலிக்கு பாடணும். நீங்க நடுவுல பாடுங்க, அவங்க கடைசியில பாடட்டும், அவங்களுக்கும் கௌரவம், உங்களுக்கும் கூட்டம்.

காசு விஷயம் வாய்ப்பேச்சுல விடவே கூடாது. ஒரு தடவை டிக்கெட் வசூல்ல பாதி உங்களுக்குன்னு சொன்னாங்க, முடிஞ்ச அப்புறம் பாத்தா சவுண்டு வாடகை, போஸ்டர், வாசல்ல நின்ன பையனோட சம்பளம்னு எல்லாத்தையும் கழிச்சு மிச்சத்துல பாதி, வண்டிச் செலவுக்குக்கூட பத்தல. வசூல்ல பாதிங்கறதும் செலவு போக மிச்சத்துல பாதிங்கறதும் வேற வேற. பெரிய ஒப்பந்தம்லாம் வேண்டாம், எத்தனை மணிக்கு வரணும், எத்தனை நிமிஷம் பாடணும், காசு எவ்வளவு, எதெது கழிப்பீங்க, சவுண்டுக்கு யாரு பொறுப்பு, இதை ஒரே மெசேஜா டைப் பண்ணி அனுப்பி ஓகேன்னு பதில் வாங்கி வச்சுக்குங்க.

அதே மாதிரி யாரு எங்க நிப்பாங்க, எத்தனை மைக், மிக்ஸருக்கு எத்தனை லைன் வேணும்னு ஒரு பக்கத்துல படம் போட்டு சவுண்டு பாக்குறவருக்கு முன்கூட்டியே அனுப்புங்க, சவுண்ட்செக் நேரம் பாதியா குறையும். பையில ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவுல மாட்டுற சின்ன பெட்டி) எப்பவும் இருக்கட்டும். கிட்டார்ல இருந்து வர்ற சாதாரண கேபிள் அஞ்சாறு மீட்டர் தாண்டினா இரைச்சலை இழுக்க ஆரம்பிக்கும், டிஐ அதை பேலன்ஸ்டு லைனா, அதாவது வெளி இரைச்சலைக் கழிச்சுடற லைனா மாத்திடும், அப்புறம் மேடையில இருந்து மிக்ஸர் வரைக்கும் இழுத்தாலும் கவலையில்ல. ம்ம்ம்னு ஒரு ஹம் வந்தா டிஐ மேல இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (சிக்னல் கேபிளோட எர்த் இணைப்பை மட்டும் பிரிக்கிறது) தட்டிப் பாருங்க, பாதி தடவை அந்த ஹம் போயிடும். அதுக்காக கரண்ட் பிளக்கோட எர்த் பின்னை மட்டும் யாரு சொன்னாலும் எடுக்காதீங்க, கையில கிட்டார் கம்பி, உதட்டுல மைக், உயிர் போற வேலை அது. இயர்பிளக்கும் வாங்குங்க. 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் காதுக்கு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், அப்படிப் பாத்தா 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். டிரம்ஸ் பக்கத்துல நின்னு பாடுறவங்க இதை யோசிக்கணும்.

இப்ப ரெக்கார்டிங். மேடையில பழுக்காத பாட்டை ரெக்கார்ட் பண்ணாதீங்க, நான் காசு கொடுத்து கத்துக்கிட்ட பாடம் இது. என் ஆல்பத்துல ஒரு பாட்டு 96 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 96 தாளத் தட்டு வேகம்) போட்டேன், இருபது கச்சேரி பாடின அப்புறம் அது தானா 88க்கு வந்து உக்காந்துடுச்சு, இப்ப பழைய ரெக்கார்டிங்கை கேட்டா யாரோ துரத்துற மாதிரி இருக்கு. ஒவ்வொரு கச்சேரியையும் போன்ல பதிவு பண்ணுங்க, எந்த இடத்துல கூட்டம் சலசலன்னு பேச ஆரம்பிக்குதுன்னு கேளுங்க, எனக்கு எப்பவும் ரெண்டாவது சரணம்தான், வெட்டினேன், பாட்டு நிமிர்ந்துடுச்சு.

பாட்டு பழுத்தாச்சுன்னா வீட்லயே பண்ணலாம். வெறும் சுவர் ரூமைவிட துணி நிறைஞ்ச அலமாரி, மெத்தை இருக்கிற ரூம் நல்லது, மைக் ஒரு சாண் தூரம், நடுவுல வாயில இருந்து வர்ற காத்தைத் தடுக்கிற பாப் ஃபில்டர். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 24 பிட்ல வைங்க, சத்தமா பாடுற இடத்துலயும் அதோட மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கத்துல நின்னா போதும், சிவப்பு தொட்டுச்சுன்னா அந்தத் தடவை பாடின பதிவு போச்சு. ஹெட்போன்ல உங்க குரல் லேட்டா கேட்டா அதே சாஃப்ட்வேர்ல பஃபரை (சத்தத்தைச் சேத்து வச்சு அனுப்புற அளவு) 128 சாம்பிளுக்கு இறக்குங்க, மிக்ஸ் பண்ணும்போது திரும்ப ஏத்திக்கலாம். வரி வரியா நாற்பது தடவை ஒட்டுறதுக்கு பதிலா முழுசா அஞ்சு தடவை பாடி நல்லதை எடுங்க. மாஸ்டரிங்ல, அதாவது கடைசியா சத்தத்தை சரிபண்ற வேலையில, சத்தத்தை நசுக்கி ஏத்தறதுல பெரிய பிரயோஜனம் இல்ல, ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 லஃப்ஸ் (கேக்கற சத்தத்தோட அளவு) பக்கம் இறக்கிடும், நசுங்கினது நசுங்கினதுதான். ஃபைலை ரெண்டு இடத்துல வைங்க, இதுக்கு நான் கதை சொன்னா அழுதுடுவேன்.

வெளியிடறதுக்கு முன்னாடி கூட எழுதினவங்க, வாசிச்சவங்ககூட உக்காந்து யாருக்கு எத்தனை பங்குன்னு ஒரு தாள்ல எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. பாட்டு எழுதின உரிமை வேற, அந்தப் பதிவோட உரிமை வேற, ரெண்டுக்கும் தனித்தனியா காசு வரும். டிஸ்ட்ரிபியூட்டர் (உங்க பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்ல ஏத்தி விடுறவங்க) ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமா எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடத்துல ஐஎஸ்ஆர்சி நம்பர் தருவாங்க, அதைக் குறிச்சு வைங்க, நாளைக்கு வேற டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறினா அதே நம்பரைக் கொடுங்க, இல்லன்னா பழைய பிளே கணக்கு தொலையலாம். ரிலீஸுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஏத்திடுங்க, ஸ்பாட்டிஃபைல 7 நாளாவது முன்னாடி பிட்ச் பண்ணாத்தான் (இந்தப் பாட்டைப் பாருங்கன்னு அவங்களுக்கு அனுப்புறது) ஃபாலோ பண்றவங்களோட ரிலீஸ் ரேடார்ங்கற புதுப் பாட்டு லிஸ்ட்ல நீங்க சொல்ற பாட்டு போகும். 2024ல இருந்து ஒரு பாட்டு முந்தின 12 மாசத்துல 1000 ஸ்ட்ரீமாவது தொடலன்னா அங்க அதுக்கு காசு கிடையாது, இதைப் பாத்து பயந்து ஸ்ட்ரீம் விக்கிறவங்ககிட்ட போயிடாதீங்க, போலின்னு தெரிஞ்சா பாட்டையே தூக்கிடுவாங்க. பாட்டுக்காரங்க ரசிகர்களுக்கு நேரா விக்கிற பேண்ட்கேம்ப் சைட்ல டிஜிட்டல் ஆல்பம் வித்தா அவங்க எடுக்கறது 15 சதவீதம், டி-ஷர்ட் மாதிரி பொருளுக்கு 10, நேரா வாங்குற ஆளு கொஞ்சமா இருந்தாலும் கையில நிக்கிற காசு அங்கதான் வருது.

பாட்டு வெளியானதும் அதோட லிங்க்கை முதல்ல அனுப்ப வேண்டியது நோட்டுல பேர் எழுதினவங்களுக்குத்தான், ஊருக்கு ஒரு வரி மாத்தி எழுதி, மழைக்கு ஒதுங்கினவங்க உட்பட. அப்புறம் நோட்டோட பேனா ரெண்டு கட்டி வைங்க, ஒண்ணை யாராவது கண்டிப்பா எடுத்துட்டு போயிடுவாங்க.