ரிமோட்டைச் சுழற்றும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள்

கூடத்தில் ரிமோட்டைக் கையில் பிடித்து வீசி ஆடும் வீடியோ கேம் ஆடப்போகிறீர்களா? முதல் வேலை, தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியை நிறுத்துவது. சிரிக்காதீர்கள். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டுக் கூரை அவ்வளவு உயரம் இல்லை. தொடக்கநிலை நான்கில் படிக்கும் பேரனுக்கு டென்னிஸ் சர்வீஸ் போட்டுக் காட்டுகிறேன் என்று என் கணவர் கையை மேலே வீச, விசிறியின் இறக்கை விரல் முட்டியில் பட்டுவிட்டது. ஒரு வாரம் கரண்டியால்தான் சாப்பாடு. நான் ஓய்வுபெற்ற தாதி, கட்டுப்போட வெளியே அலையாமல் தப்பித்தோம்.

அப்புறம் கண்ணாடி மேசையைச் சுவரோரம் தள்ளுங்கள். இரண்டு பேர் ஆடினால், இருவரும் கையை நீட்டினாலும் விரல்கள் தொடாத தூரத்தில் நிற்க வேண்டும். ரிமோட்டில் தொங்கும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, அதிலுள்ள சின்னப் பூட்டை இறுக்குங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில், விசிறியும் இல்லாமல், இரண்டாவது ஆட்டத்திலேயே உள்ளங்கை வழுக்கும். நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ (Wii) என்ற வீடியோ கேம் இயந்திரம் வெளிவந்தது 2006 நவம்பரில். அடுத்த மாதமே நிண்டெண்டோ மெல்லிய கயிறுகளுக்குப் பதிலாகத் தடித்த கயிறு மாற்றிக் கொடுத்தது. அத்தனை ரிமோட்டுகள் பறந்திருக்கின்றன! பழைய இயந்திரம் வாங்கினால் கயிறு எந்த வகை என்று பாருங்கள்.

எங்களிடம் இருப்பது மகன் விட்டுப்போன வீ. பேரன் கொண்டுவருவது நிண்டெண்டோவின் பிந்தைய இயந்திரமான ஸ்விட்ச். முதலில் வீ.

ரிமோட்டின் பின்மூடியைத் திறந்தால் இரண்டு ஏஏ பேட்டரிகள், பக்கத்தில் சின்னச் சிவப்புப் பொத்தான். இயந்திரத்தின் முன்பக்கம் எஸ்டி கார்டு போடும் சிறு கதவுக்குள்ளும் அதே மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துங்கள். ரிமோட்டில் நான்கு நீல விளக்குகள் மின்னி, கடைசியில் ஒன்று மட்டும் நிலையாக எரியும். எத்தனையாவது விளக்கோ, அத்தனையாவது ஆட்டக்காரர் நீங்கள். இணைப்பு அவ்வளவுதான்.

இனிதான் முக்கியமான சங்கதி. தொலைக்காட்சிக்கு மேலோ கீழோ வைக்கிறோமே ஒரு மெல்லிய குச்சி, சென்சார் பார், அது நம்மைப் பார்க்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, புடவைத் தலைப்பு மறைக்கிறதோ என்று சரிசெய்துகொண்டிருந்தேன். அதற்குக் கண்ணே கிடையாது. அதன் இரு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவே. கேமரா இருப்பது ரிமோட்டின் முனையில், அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால். ரிமோட்தான் விளக்குகளைப் பார்த்து, தான் எங்கே நீட்டப்பட்டிருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. குச்சியின் கம்பி இயந்திரத்திலிருந்து மின்சாரம் எடுக்க மட்டுமே.

விளக்கு எரிகிறதா என்று பார்க்கக் கைப்பேசியின் முன்பக்க கேமராவைக் குச்சியின் பக்கம் திருப்புங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் வெளிர் ஊதாப் புள்ளிகள் தெரியும்.

இது புரியாமல் ஒரு தீபாவளியில் பட்ட பாடு இருக்கிறதே! விருந்தாளிகள் வந்திருந்தார்கள். திரையில் சுட்டும் கை இங்கும் அங்கும் துள்ளியது. பேட்டரி மாற்றினோம், அணைத்துப் போட்டோம், பலனில்லை. மருமகள்தான் வீ செட்டிங்ஸில் சென்சார் பாரின் உணர்திறன் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ரிமோட்டின் கண்ணுக்குத் தெரிவது அப்படியே திரையில் வரும், இரண்டு புள்ளிகள் மட்டும் இருக்க வேண்டும். எங்களுக்கு மூன்று. மூன்றாவது, தொலைக்காட்சிக்குப் பக்கத்து சாமி மாடத்தில் எரிந்த காமாட்சி விளக்கு. தீச்சுடரிலும் அகச்சிவப்பு உண்டு. விளக்கை அணைக்க மனம் வரவில்லை, ரிமோட் பார்வையில் படாதபடி ஓர் அட்டையைத் தள்ளி நிறுத்தினோம். மேற்குப் பார்த்த சன்னல் இருந்தால் மாலை வெயிலும் இதே வேலையைச் செய்யும், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

அடுத்த வருடம் வேக்குவம் கிளீனர் இழுத்ததில் குச்சியின் கம்பி அறுந்தது. பேரன் அழ ஆரம்பித்தான். தீச்சுடரும் விளக்குப் புள்ளிதானே என்று நினைத்து, தொலைக்காட்சி அலமாரியில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு அகல் விளக்குகளை ஏற்றினேன். திரையில் கை வந்து நின்றது! அன்று என் மதிப்பு வீட்டில் கொஞ்சம் உயர்ந்தது உண்மை. ஆனால் இதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும், ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வரை மட்டும் செய்யுங்கள். பிள்ளைகள் கைவீசும் இடத்தில் தீ கூடாது. மறுநாளே பேட்டரியில் எரியும் குச்சி ஒன்று வாங்கிவிட்டேன்.

ஒன்று முதல் இரண்டரை மீட்டர் தூரத்தில் நின்றால் நன்றாக வேலை செய்யும். குச்சியைத் திரைக்கு மேலே வைத்தீர்களா கீழேயா என்பதையும் செட்டிங்ஸில் சொல்லிவிட வேண்டும்.

சுட்டுவதற்குத்தான் அந்தக் கேமரா. வீசுவதற்கு வேறு உறுப்பு: ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைகிறது என்று அது உணரும். உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸில் திரையிலுள்ள பொம்மை தானே ஓடிப் பந்தை அடையும், நீங்கள் கூடத்தில் ஓட வேண்டாம். தோளை வீசவும் வேண்டாம், மணிக்கட்டைத் தட்டினால் போதும். நேரம்தான் பந்தின் திசையைத் தீர்மானிக்கிறது. வலது கைக்காரர் தன் வலப்பக்கம் வரும் பந்தைச் சற்று முந்தி அடித்தால் அது இடப்பக்கம் போகும், பிந்தினால் வலப்பக்கம். முட்டி ஆறிய பிறகு என் கணவர் சோபாவில் உட்கார்ந்தபடியே ஆடி ஜெயிக்கிறார்.

பௌலிங் எனக்குப் பிடித்தது. ரிமோட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்து, அடியிலுள்ள பி பொத்தானை அழுத்தியபடியே கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது பொத்தானை விடுங்கள். கோலம் போடும்போது மாவை விடுகிற மாதிரி, பதறாமல். பின்னால் போகும்போதே விட்டுவிட்டால் பந்து பின்பக்கம் பார்வையாளர்களிடம் போய் விழும், அவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். பேரன் வேண்டுமென்றே அதைத்தான் செய்வான். விடும் நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பினால் பந்து வளைந்து போகும். நேராகப் போட ஆசையா, மணிக்கட்டை அசைக்காதீர்கள்.

ஸ்விட்சில் கையில் பிடிக்கும் ரிமோட்டுக்கு ஜாய்கான் என்று பெயர், அதற்குக் குச்சி தேவையில்லை. சுழற்சியை அறியும் கைரோவும் உள்ளேயே இருக்கிறது. அதனால் தொல்லையும் வேறு விதம்: சும்மா பிடித்திருக்கும்போதே திரையிலுள்ள டென்னிஸ் மட்டை மெல்லச் சாய்ந்துகொண்டு போகும். சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ் பகுதிக்குப் போய், அசைவை அளவு சரிசெய்யும் கேலிப்ரேட் வரியைத் தேர்ந்தெடுத்து, ஜாய்கானைச் சமதரையில் தொடாமல் வையுங்கள். சோபாக் கைப்பிடி சமதரை அல்ல! கயிற்றுப் பட்டையை மாட்டும்போது அதிலுள்ள கூட்டல் குறியும் ஜாய்கானிலுள்ள கூட்டல் குறியும் ஒரே பக்கம் இருக்கட்டும். கழித்தல் குறிக்கும் அப்படியே. தலைகீழாகச் சொருகினால் கழற்றுவதற்குள் நகம் போகும், எனக்குப் போயிருக்கிறது.

ரிமோட்டின் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் மீன்தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ரிமோட்டுகளின் ரேடியோ அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். இயந்திரத்தைத் தொலைக்காட்சியின் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் தவறு.

பழைய வீ வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானில் விற்ற இயந்திரத்தின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, இங்கே சுவரில் வருவது 230. கணவரின் நண்பர் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவந்து, மூன்று முள் மாற்றியைப் போட்டுச் சொருகினார். டப் என்று ஒரு சத்தம், கருகிய வாடை. அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அதோடு அந்த ஊர் இயந்திரத்தில் அந்த ஊர் வட்டுகள்தான் ஓடும்.

ஆடி முடித்ததும் பேட்டரிகளைக் கழற்றி வையுங்கள். நம் ஈரக் காற்றில் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசிந்து உள்ளே இருக்கும் தகடுகளில் பச்சைப் படிவம் பிடித்துவிடும். கீழ்வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, இரவு சீக்கிரம் படுப்பவர், அதனால் ஒன்பதரைக்கு மேல் எங்கள் வீட்டில் பௌலிங் மட்டும், அதுவும் பாய் விரித்து, வெறுங்காலோடு.